குலுக்கலா, ஓட்டா? ஒரு விடைத்தாளால் வந்த ஆய்வு

மானூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு பஸ்ஸில் வரும் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் உண்டு. அவர்களில் ஒருத்தி பதினொன்றாம் வகுப்பில் என்னிடம் அரசியல் அறிவியல் படித்தாள். ஒரு மாதிரித் தேர்வில் அவளுடைய 5 மதிப்பெண் விடையில் 2 மதிப்பெண் கழிந்தது. கழித்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. புத்தகத்தின் மேல் குற்றம் சொல்லப் புறப்பட்ட ஆய்வு என்று நினைத்து வாசித்தால், பாதி வழியில் நான் வந்து நிற்பேன்.

கேள்வி இது: "பண்டைத் தமிழகத்தில் மக்களாட்சி நிலவியதற்குச் சான்றாகக் குடவோலை முறையை விளக்குக." கேள்வித்தாளோடு வந்த விடைக்குறிப்பில் ஐந்து வரிகள், வரிக்கு ஒரு மதிப்பெண். ஊரில் வயது வந்த அனைவரும் ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு வாக்களித்தனர் என்பது முதல் வரி. அதிக ஓலை பெற்றவர் வெற்றி பெற்றார் என்பது இரண்டாவது. தகுதிகள், தகுதியின்மைகள், வாரியங்கள் என்று மற்ற மூன்றும்.

அவள் எழுதியிருந்தது வேறு. குடவோலையில் யாரும் வாக்களிக்கவில்லை. தகுதி உள்ளவர்களின் பெயரை எழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். யார் பெயர் வந்ததோ அவர் உறுப்பினர். நிலம் இல்லாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது. இவ்வளவும் அவளுடைய சொந்த வாக்கியங்கள். தகுதி, தகுதியின்மை, வாரியம் மூன்றும் குறிப்பில் உள்ளபடியே சரி. குறிப்பின் முதல் இரண்டு வரிகள் மட்டும் இல்லை. சிவப்பு மையில் 3 போட்டுவிட்டு அடுத்த தாளை எடுத்தேன். மறுநாள் காலைக்குள் மதிப்பெண்ணை ஏற்றியாக வேண்டும்.

தாள் கொடுத்த அன்று மதியம் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"ஸார், குடவோலைக்கு ரெண்டு மார்க்கு குறைச்சிருக்கிய."

"ஓட்டுப் போட்டதை எழுதலையேம்மா."

"ஓட்டு எங்க ஸார் போட்டாவ? அது குலுக்கல்லா? எங்க ஊர்க் கோயில்லயும் சபையைப் பத்தி ஒரு கல்வெட்டு இருக்குன்னு எங்க தாத்தா சொல்லுவாவ. அதுலயும் ஓட்டுன்னு ஒண்ணு கிடையாதாம்."

"பாடத்துல இருக்கிறதை எழுதினாத்தானம்மா மார்க்கு போட முடியும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது பதில் இல்லை என்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

கல்லில் இருப்பது

குடவோலை முறையைச் சொல்லும் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இரண்டு. முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும் வெட்டப்பட்டவை. இரண்டாவது கல்வெட்டு முதலாவதில் இருந்த சில விதிகளைத் திருத்துகிறது. அந்த ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் குடும்பம் அல்ல, இன்றைய வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலைகளில் எழுதி, கட்டாகக் கட்டி, எந்தக் குடும்பு என்று காட்டும் வாயோலையை மேலே வைத்துக் குடத்தில் இட வேண்டும். பெரியவர் சிறியவர் எல்லோரும் கூடிய சபையில், கோயிலில் பூசை செய்யும் நம்பிமார்களில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டுவார். எதுவும் அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுப்பான். அதை வேறு குடத்தில் போட்டுக் குலுக்கி, அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தன் கையில் கொடுப்பான். மத்தியஸ்தன் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில்தான் வாங்க வேண்டும், விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காக. அவர் வாசிக்க வேண்டும், அப்புறம் நம்பிமார்கள் எல்லோரும் வாசிக்க வேண்டும்.

இப்படி 30 பேர். அவர்களில் 12 பேர் சம்வத்சர வாரியம் (ஆண்டு வாரியம்), 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். முந்தைய மூன்று ஆண்டுகளில் வாரியம் செய்தவர் பெயரை ஓலையில் எழுதக் கூடாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் கூடாது. பெயர் எழுதப்படக் கால் வேலிக்கு மேல் (வேலி என்பது நில அளவு) வரி செலுத்தும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், மந்திரபிராமணம் என்ற வேதப் பகுதி ஓதியிருக்க வேண்டும்.

இதில் எந்த இடத்திலும் ஒருவர் இன்னொருவருக்கு வாக்களிக்கவில்லை. ஓலையில் இருப்பது போட்டவருடைய விருப்பம் அல்ல, தகுதி உள்ளவரின் பெயர். அதிக ஓலை பெற்றவர் என்ற பேச்சுக்கே இடமில்லை, ஒருவருக்கு ஓர் ஓலைதானே இருக்கிறது. பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை அது. நிலமும் வேதமும் உள்ள ஆண்களுக்கானது. மற்ற ஊர்களில் 'ஊர்' என்ற பெயரிலும் வணிகர் இருந்த இடங்களில் 'நகரம்' என்ற பெயரிலும் வேறு அமைப்புகள் இருந்தன.

அவளுடைய தாத்தா சொன்ன மானூர்க் கல்வெட்டு இதற்கு நூறாண்டுக்கு மேல் முந்தியது. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் வழியில் இருக்கிற அதே மானூர்தான். பாண்டியன் மாறஞ்சடையன் காலம், ஏறத்தாழ கி.பி. 800 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. மானநிலைநல்லூர் என்ற பிரமதேயத்தின் மகாசபை கூடி, சபையில் உட்கார யாருக்கு உரிமை என்று தீர்மானித்ததை அது சொல்கிறது. நிலப்பங்கு உள்ளவரின் பிள்ளைகளில் ஒருவர் மட்டும், அவரும் நல்லொழுக்கம் உடையவராக, மந்திரபிராமணமும் ஒரு தர்ம நூலும் கற்றவராக இருக்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த விதி கடைசியில் வருகிறது. சபையில் எது வந்தாலும் "அன்று, அன்று" என்று மறுத்துக்கொண்டே இருப்பவருக்கு ஒவ்வொரு தடவையும் ஐந்து காசு தண்டம். நம்முடைய ஸ்டாஃப் மீட்டிங்குகளுக்கு இதைக் கொண்டுவரலாம் என்று வரலாற்று ஆசிரியை சொன்னார்.

மானூரில் வாக்கெடுப்பும் இல்லை, குலுக்கலும் இல்லை. உறுப்பினர் தகுதிதான் பேச்சு. தாத்தா சொன்னது சரி. பிள்ளை எழுதியது சரி. 2 மதிப்பெண் கழித்த நான்தான் தவறு.

தார்சாவில் நான்கு பேர்

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் விடைக்குறிப்பில் இருந்த அதே வரிகள் உள்ள கைடிலிருந்து இத்தனை ஆண்டுகளாக எத்தனை வரிகளை நான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன் என்ற எண்ணம் வந்ததும் தூக்கம் போனது. வரலாற்று ஆசிரியை (நான் அக்கா என்றே கூப்பிடுவேன்), பாளையங்கோட்டையில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் அண்ணாச்சி, சட்டக் கல்லூரியில் படிக்கும் என் பழைய மாணவன், நான் என்று நான்கு பேர். அண்ணாச்சி வீட்டுத் தார்சாவில் (முன்கூடத்தில்) சில சனிக்கிழமைகள் உட்கார்ந்தோம். கையில் இருந்தவை பிள்ளைகளிடம் புழங்கும் சில கைடுகள், பழைய பாடப் புத்தகங்கள், தட்டச்சு செய்து ஜெராக்ஸ் எடுத்த நோட்ஸ்கள். எந்தப் பதிப்பாளர் என்று இங்கே எழுதவில்லை. ஒரே வரி எல்லாவற்றிலும் சுற்றி வருவதால் யார் முதலில் எழுதினார் என்று கண்டுபிடிக்க முடியாது, பெயர் சொல்வது நியாயமும் ஆகாது.

முதல் நாளே சண்டை. "பதினோராம் வகுப்புப் பிள்ளைக்கு இவ்வளவு போதும்ப்பா. எல்லாத்தையும் சொன்னா அது ஓடிரும்" என்றார் அண்ணாச்சி. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சுருக்கம் வேறு, பிழை வேறு. அதனால் ஒரு சோதனை வைத்துக்கொண்டோம். பிள்ளை பிறகு கல்லூரியில் மூல நூலைப் படிக்கும்போது, பள்ளியில் படித்த வரியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் போதும் என்றால் அது சுருக்கம். அந்த வரியை அழித்துவிட்டுத்தான் மேலே போக முடியும் என்றால் அது பிழை. மாண்டெஸ்கியூ அதிகாரப் பிரிவினையின் தந்தை என்பது இந்தக் கணக்கில் சுருக்கம். 1748இல் வந்த அவருடைய நூலில் இங்கிலாந்தின் அரசமைப்பைப் பற்றிய அத்தியாயத்தில் அது விரிவாக இருக்கிறது. தந்தை என்ற பட்டத்தைக் கழற்றிவிட்டு மேலே படித்துக்கொள்ளலாம்.

ஆனால் அதே பக்கத்தில், ஜான் லாக் சட்டமியற்றல், நிர்வாகம், நீதி என்று மூன்றாகப் பிரித்தார், மாண்டெஸ்கியூ அதைப் பின்பற்றினார் என்று ஒரு நோட்ஸ் சொன்னது. இது பிழை. லாக் பிரித்த மூன்றில் மூன்றாவது நீதித்துறை அல்ல. வெளிநாடுகளோடு போர், சமாதானம், உடன்படிக்கை செய்யும் அதிகாரத்தைத்தான் அவர் தனியாக எடுத்து வைத்தார். மூன்று என்ற எண்ணிக்கை பொருந்தியதும் பெயர்களும் பொருந்தும் என்று யாரோ எழுதிவிட்டார்கள். நீதித்துறை தனியாக நிற்க வேண்டும் என்று அழுத்திச் சொன்னதுதான் மாண்டெஸ்கியூவிடம் புதியது. இந்த ஒரு வரியால் அதுவே காணாமல் போகிறது.

ஹாப்ஸ் பாடு இன்னும் மோசம். "மன்னரின் தெய்வீக உரிமையை ஆதரித்தவர்" என்று ஒரு வரியில் முடித்திருந்தார்கள். 1651இல் வந்த லெவியதான் நூலில் அவர் செய்தது கிட்டத்தட்ட அதற்கு எதிர்ப்பக்கம். ஆட்சியாளருக்கு வரம்பற்ற அதிகாரம் வேண்டும் என்றார், சரி. ஆனால் அந்த அதிகாரம் கடவுளிடமிருந்து இறங்கவில்லை. சாவுக்குப் பயந்த மனிதர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தத்திலிருந்து எழுகிறது என்றார். தெய்வீக உரிமைக்காக வாதாடியவர் ராபர்ட் ஃபில்மர். அவர் நூல் அவர் இறந்த பிறகு 1680இல் அச்சானது. லாக்கின் இரண்டு ஆய்வுரைகளில் முதலாவது முழுக்க ஃபில்மருக்கான மறுப்பு. வரம்பற்ற அதிகாரம் என்றாலே தெய்வீக உரிமைதான் என்று ஒட்டிவிட்டால், ஹாப்ஸ், லாக், ரூசோ மூவரும் ஏன் சமூக ஒப்பந்தம் என்ற ஒரே பாடத்தில் வருகிறார்கள் என்பதே பிள்ளைக்கு விளங்காது. எனக்கு இந்த வரியின் மேல் தனிக் கோபம். ஆறு வருஷம் நான் இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ரூசோ "பிரதிநிதித்துவ மக்களாட்சியின் முன்னோடி" என்று இருந்தது. 1762இல் வந்த சமூக ஒப்பந்தம் என்ற நூலில் ஆங்கிலேயரைப் பார்த்து அவர் சொல்வதென்ன? நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் மட்டும் அவர்கள் சுதந்திரமானவர்கள், தேர்தல் முடிந்ததும் அடிமைகள். இறைமையைப் பிரதிநிதியிடம் ஒப்படைக்கவே முடியாது என்பது அவர் நிலைப்பாடு. பொது விருப்பம் என்றால் பெரும்பான்மையினரின் விருப்பம் என்றும் பக்கத்திலேயே விளக்கம் இருந்தது. எல்லோருடைய விருப்பங்களையும் கூட்டினால் வருவது வேறு, பொது நலனை நோக்கும் பொது விருப்பம் வேறு என்று ரூசோவே பிரித்துக் காட்டியிருக்கிறார்.

வால்டேரின் மேற்கோள் எல்லோருக்கும் தெரியும். நீ சொல்வதை ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன் என்பது. பிரெஞ்சுப் புரட்சிப் பாடத்தில் கட்டம் கட்டிப் போட்டிருந்தார்கள். அது வால்டேர் எழுதியது அல்ல. ஈவ்லின் பீட்ரிஸ் ஹால் என்ற ஆங்கில எழுத்தாளர் 1906இல், அவருடைய மனப்பான்மையைச் சுருக்கிச் சொல்லத் தாமே அமைத்த வாக்கியம். இது சின்னப் பிழை, கருத்து கெடவில்லை, பள்ளிச் சுவரில் எழுதி வைத்திருப்பதைச் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டோம். கீழே பெயரை மட்டும் மாற்றலாம்.

முகப்புரைக்கு வந்தபோது சட்டக் கல்லூரித் தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். "1950 சனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த முகப்புரை இந்தியாவை இறையாண்மை, சமதர்ம, சமயச்சார்பற்ற, மக்களாட்சிக் குடியரசு என அறிவித்தது." அன்றைய முகப்புரையில் சமதர்மமும் சமயச்சார்பின்மையும் கிடையாது. 42ஆவது திருத்தம், 1976. ஒருமைப்பாடு என்ற சொல் சேர்ந்ததும் அப்போதுதான். ஆண்டு மாறியது மட்டும்தான் என்று பார்த்தால் சின்னப் பிழை. ஆனால் 1948 நவம்பரில் அரசமைப்பு நிர்ணய சபை உறுப்பினர் கே.டி. ஷா இந்தச் சொற்களை அரசமைப்பில் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் எதிர்த்தார், திருத்தம் தோற்றது. சமூகத்தை எந்தப் பொருளாதார முறையில் அமைப்பது என்பதை அந்தந்தக் காலத்து மக்களே முடிவு செய்ய வேண்டும், அரசமைப்பில் கட்டிப்போட்டால் மக்களாட்சியையே அழிப்பதாகும் என்பது அம்பேத்கரின் வாதம். அரசியல் கோட்பாட்டு வகுப்பில் ஒரு முழு பீரியடுக்குத் தாங்கும் விஷயம் இது. அந்த ஒரு வரி இதைப் பேசவே வழியில்லாமல் செய்துவிடுகிறது, ஏனென்றால் அதன்படி அங்கே சண்டையே நடக்கவில்லை.

நாங்கள் பிழை என்று கோடு போட்டு, அப்புறம் அழித்தவையும் உண்டு. குடவோலைக்கு வயது 35 முதல் 70 வரை என்று ஒரு புத்தகம், 30 முதல் 60 வரை என்று இன்னொன்று. ஒன்று தப்பு என்றே நினைத்தோம். இரண்டும் சரி, 919ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 30–60, 921இல் 35–70. எந்தக் கல்வெட்டு என்று சொல்லாததுதான் குறை. இன்னொன்று, அரசின் உறுப்புகள் கௌடில்யருக்கு ஏழு, வள்ளுவருக்கு ஆறு என்ற ஒப்பீடு. "படைகுடி கூழ்அமைச்சு நட்பரண் ஆறும் உடையான் அரசருள் ஏறு" என்ற குறளில் ஆறு இருக்கிறது, உடையானையும் சேர்த்தால் ஏழு. அமாத்தியன் அமைச்சு, ஜனபதம் குடி, துர்க்கம் அரண், கோசம் கூழ், தண்டம் படை, மித்திரன் நட்பு என்று ஒன்றுக்கு ஒன்று அப்படியே பொருந்துகிறது. அதனால் பிழை என்றேன். அண்ணாச்சி விடவில்லை. "உடையவன் வேற, உறுப்பு வேறல்லவா? நிலத்தையும் நிலத்துக்காரனையும் சேர்த்து எண்ணுவியளா?" என்றார். நல்ல கேள்வி. அதை வாதத்துக்குரியது என்ற பக்கத்தில் எழுதி வைத்தோம்.

ஓலை எப்படி ஓட்டானது

குடவோலைக்குத் திரும்புகிறேன். அந்தப் பிழை எங்கே பிறந்தது என்று பார்க்க, பழைய புத்தகத்திலிருந்து புதிய கைடு வரை வரிகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினோம். அக்காவின் யோசனை. எழுதி முடித்ததும் எங்களுக்கே சிரிப்பு வந்தது.

பழைய பாடத்தில் "ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர்" என்று சரியாகவே இருந்தது. அதைச் சுருக்கிய நோட்ஸில் "குடவோலை மூலம் உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர்." இதுவும் தப்பில்லை. அடுத்ததில் "குடவோலை என்னும் தேர்தல் முறை." அதற்கடுத்ததில் ஓலைக்கு விளக்கமாக "வாக்குச்சீட்டு." தேர்தல் வந்துவிட்டது, வாக்குச்சீட்டு வந்துவிட்டது, பிறகு வாக்காளர் வராமல் இருப்பாரா? "வயது வந்த அனைவரும்" அப்படித்தான் உள்ளே வந்தார். வாக்காளர் வந்த பிறகு அதிக வாக்குப் பெற்றவர் வெற்றி.

யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் முந்தையவர் வரியைக் கொஞ்சம் விளக்கினார்கள், அவ்வளவுதான். வழுக்கிய இடம் நம்முடைய சொல்லில் இருக்கிறது. தேர், தேர்தல், தேர்ந்தெடுத்தல் எல்லாம் ஒரே வேர். கடையில் கத்திரிக்காய் பொறுக்குவதும் தேர்ந்தெடுப்பதுதான், ஓட்டுப் போட்டு எம்.எல்.ஏ.வை அனுப்புவதும் தேர்ந்தெடுப்பதுதான், குலுக்கலில் பெயர் விழுவதும் தேர்ந்தெடுக்கப்படுவதுதான். சீட்டும் அப்படியே. ஏலச்சீட்டு, குலுக்கல் சீட்டு, வாக்குச்சீட்டு என்று ஒரே துண்டுக் காகிதம் மூன்று வேலை பார்க்கிறது. குடியரசு என்ற சொல்லிலும் இதே வழுக்கல். குடி என்று இருப்பதால் மக்களாட்சியும் குடியரசும் ஒன்று என்று பல நோட்ஸ்களில் இருக்கிறது. இங்கிலாந்தும் ஜப்பானும் மக்களாட்சி நாடுகள், ஆனால் அரச பரம்பரை இருப்பதால் குடியரசுகள் அல்ல என்று சொன்னால் பிள்ளைகள் ஆச்சரியப்படுகிறார்கள்.

வழுக்கிய பிறகு யாரும் தூக்கிவிடாததற்குக் காரணம் வேறு. அந்தப் பிழை நமக்கு இனிக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே எல்லோருக்கும் ஓட்டு என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஹாப்ஸைத் தப்பாக எழுதினால் சண்டைக்கு வர ஆளில்லை, குடவோலையைத் திருத்தினால் நம் பெருமையைக் குறைக்கிறாயா என்று கேட்க ஆளிருக்கிறது. கணக்குக் காட்டாதவன் மறுபடி பதவிக்கு வர முடியாது என்று கல்லில் வெட்டி வைத்தவர்களுக்கு நாம் இல்லாத ஓட்டுப்பெட்டியைக் கொடுத்து என்ன பெருமை சேர்க்கப் போகிறோம்?

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே கைடில் இரண்டு பாடம் தள்ளி, அரிஸ்டாட்டில் மக்களாட்சியே சிறந்த ஆட்சி முறை என்றார் என்று இருந்தது. அவர் அப்படிச் சொல்லவில்லை. ஆட்சிகளை ஆறாக வகுத்தார். பொது நலனுக்காக ஆளும் மூன்று. அவை கெட்டுப்போனால் வரும் மூன்று. தனியாட்சி கெட்டால் கொடுங்கோன்மை, உயர்ந்தோர் ஆட்சி கெட்டால் செல்வர் ஆட்சி. பலர் கூடிப் பொது நலனுக்காக ஆள்வது கெட்டால் வருவதற்குத்தான் அவர் மக்களாட்சி என்று பெயர் வைத்தார். கெட்டதில் குறைந்த கெடுதல் அது என்பது அவர் எண்ணம். பதவிகளைக் குலுக்கலில் கொடுப்பது மக்களாட்சிக்குரியது, தேர்தலில் கொடுப்பது செல்வர் ஆட்சிக்குரியது என்று கருதப்படுவதாகவும் எழுதினார். அவர் கண்ட ஏதென்ஸில் ஐந்நூற்றுவர் சபை குலுக்கலில் அமைந்தது, தளபதிகளைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆக, குடவோலையை ஓட்டு என்று மாற்றி எழுதியவர்கள் அதை மக்களாட்சிக்கு நெருக்கமாக்குவதாக நினைத்து, அரிஸ்டாட்டில் கணக்குப்படி தூரமாக்கியிருக்கிறார்கள். குலுக்கல் என்று அப்படியே விட்டிருந்தால் ஏதென்ஸோடு சேர்த்துப் பாடம் நடத்தலாம். கூடவே, குடத்துக்குள் யார் பெயர் போக முடிந்தது என்று இரண்டு ஊரையும் பார்த்துக் கேட்கலாம். ஏதென்ஸிலும் பெண்கள், அடிமைகள் பெயர் போகாது.

வகுப்பில் ஒரு குடம்

பள்ளியில் நான் செய்தது ஒன்றுதான். சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு சில்வர் குடம் வாங்கி வந்து, வகுப்பு நூலகத்தைப் பார்த்துக்கொள்ள மூன்று பேரைக் குலுக்கலில் எடுத்தோம். தகுதியைப் பிள்ளைகளே வைத்தார்கள். வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காதவர் பெயர் கூடாது, போன வருஷம் லீடராக இருந்தவர் பெயர் கூடாது. ஆறாம் வகுப்புப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம். நான் ஐந்து விரலையும் விரித்து வாங்கினேன்.

முதல் சீட்டு வருவதற்குள் ஒரு பையன் கேட்டுவிட்டான், "ஸார், அப்ப எங்களுக்கு ஓட்டு இல்லையா?" பாடம் அங்கேயே முடிந்தது. யாரைப் பிடிக்கும் என்று சொல்ல இடமில்லாததுதான் குலுக்கல். வகுப்பில் வாயே திறக்காத ஒரு பிள்ளையின் பெயர் வந்தது. ஓட்டு வைத்திருந்தால் வந்திருக்காது. இன்னொருவன் பெயர் வந்ததும் "எனக்கு வேண்டாம் ஸார்" என்று எழுந்துவிட்டான். விருப்பம் இல்லாதவனுக்கும் விழும் என்பதும் குலுக்கல்தான். ஏதென்ஸில் இதற்கு என்ன செய்தார்கள் என்று கேட்டார்கள். அடுத்த வகுப்பில் பார்ப்போம் என்று தப்பித்தேன்.

கைடு பதிப்பாளருக்கு நாங்கள் எழுதிய கடிதத்துக்குப் பதில் வந்தது. அடுத்த பதிப்பில் கவனிக்கிறோம் என்று இரண்டு வரி. கவனித்தார்கள். புதிய அச்சில் "வயது வந்த அனைவரும்" போய், "தகுதி பெற்ற அனைவரும் வாக்களித்தனர்" என்று வந்திருக்கிறது. முகப்புரை வரி திருந்தியிருக்கிறது. ஹாப்ஸ் இன்னும் தெய்வீக உரிமையைத்தான் ஆதரிக்கிறார்.

அந்தப் பிள்ளையின் தாளில் 3ஐ அடித்து 5 ஆக்கிக் கையெழுத்துப் போட்டேன். ஏற்கெனவே ஏற்றிய பட்டியலில் மாற்ற வழியில்லை. மாதிரித் தேர்வுதானே ஸார், பரவாயில்லை என்றாள். பரவாயில்லை என்று அவள் சொன்னாள், நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அந்தக் கட்டில் அவளைத் தவிர மற்ற எல்லோரும் ஓட்டு என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருந்தார்கள். அவர்கள் தாளை நான் திருத்தவில்லை, திருத்தவும் முடியாது. நான் சொல்லிக் கொடுத்ததைத்தானே எழுதினார்கள்.

வருஷக் கடைசியில் மறுபடி வந்தாள். பெரிய பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தால் எதை எழுத என்று கேட்டாள். தாள் எந்த ஊருக்குப் போகுமோ, திருத்துகிறவர் கையில் எந்தக் குறிப்பு இருக்குமோ. கொஞ்சம் யோசித்துவிட்டு, "குலுக்கி எடுத்தாங்கன்னே எழுது. ஆனா கடைசியில 'இவ்வாறு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர்'னு ஒரு வரி சேர்த்துக்கோ. திருத்துறவங்க கண்ணு அந்தச் சொல்லைத்தான் தேடும்" என்றேன்.

அவள் ஒரு நொடி யோசித்தாள். "அதுவும் தப்பில்லைதான ஸார்?"

"தப்பில்லை."